கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கடை, கால் சென்டர், வரவேற்பு மேசை, டெலிவரி வேலைகளில் இருப்பவர்களும் அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இங்கே இல்லை.

கேள்வி: பில்லிங் கவுண்டரில் இருக்கிறேன். ஒன்பது மணி நேரமும் சிரித்த முகமாக இருக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளிடம்கூடப் பேசப் பிடிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். மூட்டை தூக்குகிற வேலை இல்லையே, ஏன் இவ்வளவு அசதி? என் குணமே மாறிவிட்டதா?

குணம் மாறவில்லை. நீங்கள் பார்ப்பது இரண்டு வேலை. சம்பளச் சீட்டில் ஒன்றுக்குத்தான் பெயர் இருக்கிறது. பொருளை ஸ்கேன் செய்து காசு வாங்குவது ஒன்று. உள்ளே என்ன ஓடினாலும் முகத்திலும் குரலிலும் வேறொன்றைப் பிடித்து வைத்திருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயரிட்டு 1983-ல் விரிவாக எழுதியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் அவர் சேர்த்துப் பார்த்தார். முதல் கூட்டத்துக்குக் கனிவு கட்டாயம், இரண்டாவது கூட்டத்துக்குக் கடுகடுப்பு கட்டாயம். இருவருமே மனதில் இல்லாததை முகத்தில் வைத்திருக்கத்தான் கூலி வாங்கினார்கள்.

இதைச் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது. மற்றது, ‘இந்தப் பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போல, அதனால்தான் தடுமாறுகிறார்’ என்று மனதையும் கொஞ்சம் திருப்பிக்கொண்டு பேசுவது. ஆளை அதிகம் வடியவைப்பது முதல் வழிதான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதற்காக இரண்டாவது வழியை எல்லாரிடமும் பயன்படுத்தாதீர்கள். அவசரக்காரர், குழம்பியவர், களைத்தவர் ஆகியோரிடம் அது உதவும். கெட்ட வார்த்தை பேசுகிறவருக்கும் ‘பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ’ என்று சாக்குத் தேடிப் பழகினால், எங்கே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதே நாளடைவில் மறந்துபோகும்.

நாளைக்கே செய்யக்கூடியவை சில. சிரிப்பைத் தொடர்ந்து பிடித்து வைக்காதீர்கள். ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று இடம் போதும்: வந்ததும் ஒரு பார்வை, தொகையைச் சொல்லும்போது, பில்லைக் கொடுத்து அனுப்பும்போது. நடுவில் ஸ்கேன் செய்யும் நேரம் முகம் சும்மா இருக்கட்டும், கண் பொருளில் இருக்கட்டும். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. சிரிப்பைப் பிடித்து வைப்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். மாலையில் வரும் தாடை வலி, நெற்றிப் பொட்டு வலிக்கு இதுவும் ஒரு காரணம். உதடு மூடியிருக்கட்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும். கல்லாப்பெட்டியை மூடும் ஒவ்வொரு முறையும் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். கை செய்கிற வேலையோடு கட்டிவிட்டால்தான் நினைவு வரும்.

பிரேக் எங்கே எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் சீருடையோடு உட்கார்ந்தால் அங்கேயும் முகம் வேலை செய்துகொண்டே இருக்கும், யாராவது வந்து “இது எங்க இருக்கு?” என்பார்கள். கதவு மூடுகிற இடம் வேண்டும், ஸ்டாக் ரூமாக இருந்தாலும் சரி. வீட்டில் முதல் இருபது நிமிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வந்து நின்ற பிறகு சொன்னால் அதுவே சண்டையாகும். விடுமுறையில் தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லை, வேலையை நினைத்தாலே வெறுப்பு, எதைச் செய்தும் பயனில்லை என்ற நினைப்பு, மூன்றும் சேர்ந்து வாரக்கணக்கில் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் வேலைச் சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை. சமாளிக்கப்படாத வேலையிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொல்கிறது. மேனேஜரிடம் பேசும்போது இந்தத் தகவல் கைகொடுக்கும்.

கேள்வி: கால் சென்டர் வேலை. எதிர்முனையில் அம்மா, அக்கா என்று இழுத்துத் திட்டினாலும் நாங்களாக அழைப்பைத் துண்டிக்கக்கூடாது என்பது விதி. என்ன செய்வது?

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். “உங்க கம்பெனியே ஃபிராடு, மூணு தடவை போன் பண்ணிட்டேன்” என்பது கோபம். அதைக் கேட்பது உங்கள் வேலையில் சேரும். உங்களையோ உங்கள் வீட்டாரையோ ஆபாசமாகப் பேசுவது, மிரட்டுவது வசை, அது சேராது. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோபப்படுகிறவரை எச்சரித்தால் அவர் வசைக்கு ஏறுவார். வசை பாடுகிறவரிடம் “புரியுது சார், மன்னிச்சுக்கோங்க” என்றால் இன்னும் ஏறுவார்.

கோபத்துக்கு: குறுக்கே பேசாமல் ஒரு நிமிடம்போல விடுங்கள், நடுவில் “ம், சொல்லுங்க” மட்டும். பிறகு அவர் சொன்னதிலிருந்து ஒரு விவரத்தைத் திருப்பிச் சொல்லுங்கள்: “பதினாலாம் தேதியே பணம் வந்திருக்கணும், இன்னும் வரல. சரியா சார்?” மன்னிப்பு ஒருமுறை போதும். ஐந்து முறை கேட்டால் அது மனப்பாடம் என்று காதுக்குத் தெரிந்துவிடும். “அமைதியா பேசுங்க” என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டு அமைதியானவர் மிகக் குறைவு.

வசைக்கு மூன்று படி. முதல் முறை: “உங்க பிரச்சினையை முடிச்சுக் கொடுக்கத்தான் லைன்ல இருக்கேன் சார். இந்த மாதிரி வார்த்தை வந்தா என்னால தொடர முடியாது.” இரண்டாம் முறை: “இன்னொரு தடவை வந்தா லைனைக் கட் பண்ணிடுவேன். நீங்க அப்புறம் கூப்பிடலாம், உங்க புகார் எண் அப்படியே இருக்கும்.” மூன்றாம் முறை: “இப்ப கட் பண்றேன்” என்று சொல்லிவிட்டுத் துண்டிப்பது. குரல் மூன்று முறையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வேகம் கூடினால் நீங்கள் பதறுவது அவருக்குத் தெரியும். உடனே பதிவில் நேரத்தையும், அவர் சொன்ன சொற்களை அப்படியே மேற்கோளாகவும் எழுதுங்கள். ‘கஸ்டமர் ரூடாகப் பேசினார்’ என்ற வரி விசாரணையில் எதற்கும் உதவாது.

உங்கள் இடத்தில் துண்டிக்க அனுமதி இல்லை என்கிறீர்கள். அனுமதியில்லாமல் செய்து வேலையைப் பணயம் வைக்கச் சொல்லமாட்டோம். முதல் இரண்டு படியைச் சொல்லிவிட்டு டீம் லீடருக்கு மாற்றும் வழியாவது இருக்கிறதா பாருங்கள். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்: எச்சரித்தபின் துண்டிக்கவோ மாற்றவோ உரிமை, அதன்பின் ஐந்து நிமிடம் அடுத்த அழைப்பு வராமை, அந்த அழைப்பைச் சராசரிப் பேச்சு நேரக் கணக்கிலும் வாடிக்கையாளர் மதிப்பெண்ணிலும் சேர்க்காமை. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதுதான் சாவி. துண்டிக்க உரிமை கொடுத்துவிட்டு மதிப்பெண்ணில் பிடித்தால் அந்த உரிமையை யாரும் தொடமாட்டார்கள்.

கேள்வி: ஆறு பேர் வேலை பார்க்கும் கடை என்னுடையது. யாராவது சத்தம் போட்டால், பிரச்சினை பெரிதாக வேண்டாமென்று நான் போய் அவர் கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இதனால் எங்களுக்கு அவமானம் என்று ஊழியர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளரைப் பகைத்துக்கொண்டு கடை நடத்த முடியுமா?

அவர்கள் சொல்வது சரி. நடப்பதை வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பாருங்கள். ‘பில் இல்லாமல் மாற்றித் தர மாட்டோம்’ என்று ஊழியர் பணிவாகச் சொன்னார், கிடைக்கவில்லை. சத்தம் போட்டார், முதலாளியே வந்து மாற்றித் தந்தார். அடுத்த முறை அவர் நேராகச் சத்தத்தில்தான் ஆரம்பிப்பார். வரிசையில் நின்று பார்த்த நாலு பேரும் அதையே கற்றுக்கொண்டிருப்பார்கள். ஊழியருக்கோ இரட்டை அடி: உங்கள் விதியைச் சொன்னதற்காகத் திட்டு வாங்கினார், பிறகு நீங்களே அந்த விதியைத் தூக்கிப் போட்டீர்கள். இனி அவர் பணிவாகப் பேசினாலும் அதில் உயிர் இருக்காது.

மாற்றுவது கஷ்டமில்லை. முதலில் ஒரு வரம்பு வையுங்கள்: இவ்வளவு தொகை வரை மாற்றித் தருவதோ தள்ளுபடியோ கவுண்டரில் இருப்பவரே யாரையும் கேட்காமல் முடிவு செய்யலாம் என்று. தொகை சிறியதாக இருந்தாலும் போதும். பாதித் தகராறு ‘இருங்க, கேட்டுட்டு வரேன்’ என்ற இடைவெளியில்தான் முற்றுகிறது.

நீங்கள் போக வேண்டி வந்தால், முதல் பார்வை ஊழியர் பக்கம். வாடிக்கையாளர் முன்னிலையிலேயே “என்ன விஷயம்?” என்று ஊழியரிடம் கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு வாடிக்கையாளரிடம் திரும்புங்கள். விதியில் நிற்பதாக இருந்தால் ஊழியர் சொன்ன அதே சொற்களில் சொல்லுங்கள். புதுக் காரணம் சேர்த்தால் அவர் அதைப் பிடித்துக்கொள்வார். விலக்குத் தருவதாக இருந்தால்: “இவங்க சொன்னதுதான் கடையோட விதி. இந்த ஒரு தடவை நான் அனுமதி தரேன். இவங்களே போட்டுத் தருவாங்க.” பொருள் ஊழியர் கையால் போக வேண்டும். ஊழியர் பக்கமே தப்பு என்றாலும் கண்டிப்பதைத் தனியாக, பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் கண்டித்தால் அந்த வாடிக்கையாளர் இனி அவரை மதிக்க மாட்டார்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, என்ன விலக்கு, ஏன். அவ்வளவுதான். ஒரே விலக்கு மாதத்தில் நாலைந்து முறை வந்திருந்தால் தப்பு விதியில் இருக்கிறது, மாற்றுங்கள். ‘விலைச் சீட்டில் ஒன்று, பில்லில் ஒன்று’ என்ற புகார் அடிக்கடி வந்தால் விலை மாற்றும்போது ஷெல்ஃபில் சீட்டை மாற்றுவது யார் வேலை என்றே முடிவாகவில்லை என்று அர்த்தம். மாற்றித் தரும் விதி பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதா? கவுண்டரில் கண் மட்டத்தில், காசு கொடுக்கும் முன் தெரியும்படி ஒட்டுங்கள். கூட்ட நேரத்தில் ஒரு கவுண்டர் மட்டும் திறந்து வைத்துவிட்டு ஊழியருக்கு இன்முகப் பயிற்சி நடத்துவது வீண் செலவு. இருபது நிமிடம் நின்றவரின் கோபத்தை எந்தச் சிரிப்பும் ஆற்றாது.

வாடிக்கையாளர் போய்விடுவாரே என்கிறீர்கள். கத்துபவர் ஒருவர் போகலாம். பழகிய ஊழியர் போனால் புதியவர் சரக்கும் முகங்களும் பழகுவதற்குள் எத்தனை பில் தப்பாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: வாடிக்கையாளர் போல வேஷம் போட்டு ஒருவரை அனுப்பிச் சோதிக்கிறார்கள். ‘சிரிப்பு இல்லை’ என்று அவர் எழுதிய ஒரே வரிக்காக என் இன்சென்டிவ் போய்விட்டது. எதிர்த்துக் கேட்க முடியுமா?

கேட்கலாம். ஆனால் “நான் சிரித்தேன்” என்று வாதாடாதீர்கள், நிரூபிக்க முடியாது. அளக்க முடிந்ததை மட்டும் மதிப்பெண்ணில் வையுங்கள் என்று கேளுங்கள். வந்தவரைப் பத்து நொடிக்குள் கவனித்தாரா, கேட்ட பொருள் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனாரா இல்லை கையை மட்டும் நீட்டினாரா, மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் கொடுத்தாரா, இல்லாத பொருளுக்கு மாற்று சொன்னாரா: இவற்றை யார் பார்த்தாலும் ஒரே பதில்தான் வரும். ‘இனிமை’, ‘உற்சாகம்’, ‘சிரிப்பு’ என்ற கட்டங்களில் இரண்டு பேர் இரண்டு மதிப்பெண் போடுவார்கள். சோதித்த நாள், மணி, அப்போது எத்தனை கவுண்டர் திறந்திருந்தன, நீங்கள் எத்தனையாவது மணி நேரத்தில் இருந்தீர்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஷிஃப்டின் எட்டாவது மணியில் எடுத்த மதிப்பெண்ணை முதல் மணியில் எடுத்ததோடு ஒப்பிடுவது நியாயமில்லை. இது மேனேஜருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயம்.

கேள்வி: வேலைக்காகச் சிரித்துப் பேசுவதைச் சில ஆண்கள் வேறு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் தினமும் வந்து நம்பர் கேட்கிறார். மேனேஜர் ‘கஸ்டமர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்கிறார்.

அட்ஜஸ்ட் செய்ய இதில் எதுவும் இல்லை. அவரிடம் பேச்சைப் பொருளோடு நிறுத்துங்கள். சிரித்து மழுப்புவதும், ‘எனக்கு ஆள் இருக்கிறது’ என்று பொய் சொல்வதும் பேச்சை நீட்டத்தான் செய்யும். “வேலை நேரத்துல சொந்த விஷயம் பேச மாட்டேன். வேற ஏதாவது வாங்கணுமா சார்?” இதே வரி ஒவ்வொரு நாளும், மாற்றாமல். கூட வேலை பார்ப்பவர்களோடு ஓர் அடையாளச் சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்த ஸ்டாக் லிஸ்ட் எங்கே?’ என்று நீங்கள் கேட்டால் ஒருவர் வந்து கவுண்டரை வாங்கிக்கொள்ள வேண்டும், நீங்கள் உள்ளே போய்விட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து தனியாக வெளியேறாதீர்கள். நாள், மணி, சொன்னது, பார்த்த சாட்சி எல்லாம் உங்கள் சொந்த நோட்டில் இருக்கட்டும், கடை கம்ப்யூட்டரில் வேண்டாம்.

பேட்ஜில் முழுப்பெயர் இருந்தால் முதலெழுத்தோ ஊழியர் எண்ணோ போதும் என்று கேளுங்கள். ஜப்பானில் பல கிளைகள் கொண்ட பெரிய கடை நிறுவனங்களான லாசனும் ஃபேமிலிமார்ட்டும் 2024-ல் பேட்ஜில் முதலெழுத்துகளையோ வேறு பெயரையோ போட அனுமதித்தன. பேட்ஜைப் பார்த்துச் சமூக வலைதளத்தில் ஆளைத் தேடுவதைத் தடுப்பதற்காகத்தான்.

நீங்கள் இந்தியாவில் இருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் உடன் பணிபுரிபவர்களோடு நிற்பதில்லை. பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. காவல்துறையில் புகார் கொடுக்க நீங்கள் விரும்பினால் அதற்கு உதவுவதும் அதே பிரிவில் உண்டு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள் குழு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரை எழுத்தில், கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம்.

கேள்வி: என் வயதில் பாதிகூட இல்லாதவர்கள் ‘ஏய், இங்க வா’ என்கிறார்கள். நானும் ‘நீ’ போட்டால் தப்பா?

தப்பில்லை, லாபமும் இல்லை. புகாரில் உங்கள் சொல் மட்டும்தான் ஏறும். விடாமல் ‘நீங்க’ போட்டுப் பேசுங்கள். ‘சார்’ போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். திருத்த வேண்டியது மேனேஜர். பக்கத்தில் நின்று “இவர்தான் எங்க சீனியர், இவர்கிட்ட கேளுங்க” என்று ஒரு வரி சொன்னால் பாதிப் பேர் தானாகவே மாறுவார்கள்.

கேள்வி: டெலிவரி வேலை. ஐந்துக்கு நாலு ஸ்டார் போட்டாலும் எங்களுக்குக் குறைதான். மழை, டிராஃபிக், மேப் காட்டிய தப்பு வழி எல்லாம் என் தலையில் விழுகிறது.

அந்த எண் உங்கள் பண்பை மட்டும் அளப்பதில்லை என்பதை மறக்காதீர்கள். தாமதம், உடைந்த பேக்கிங், ஆப் செய்த குளறுபடி எல்லாம் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. உங்கள் கையில் இருப்பது ஒன்று: அவர் கூப்பிடும் முன் நீங்கள் சொல்லிவிடுவது. எங்கே இருக்கிறேன், ஏன், எப்போது வருவேன். மூன்றும் இருக்க வேண்டும். “லேட் ஆகும்” என்று மட்டும் சொன்னால் கோபம் கூடும். வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு அனுப்புங்கள். நேரத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள், முன்னால் போய்ச் சேர்ந்தால் யாரும் திட்டுவதில்லை. பொருளை வாங்கியதும் பேக்கிங்கை ஒரு படம், வாசலில் கொடுக்கும் முன் ஒரு படம். குறைந்த ஸ்டார் வந்த அன்றே படத்தோடு மறுப்பு அனுப்பிவிடுங்கள். வாசலில் நின்று ‘ஃபைவ் ஸ்டார் போடுங்க’ என்று கெஞ்சவே வேண்டாம். பலருக்கு அது எரிச்சல், உங்களுக்கும் அந்த நாள் கசந்துவிடும்.

கேள்வி: வாடிக்கையாளர் அத்துமீறுவதற்கு எதிராக எங்காவது சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. தென் கொரியாவில் 2018 அக்டோபர் முதல், வாடிக்கையாளரின் வசையால் பாதிக்கப்பட்ட ஊழியரின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டியது முதலாளியின் கடமை. அதைக் கேட்டதற்காக அவரை வேலையைவிட்டு நீக்கக்கூடாது. டோக்கியோ மாநகரில் வாடிக்கையாளர் தொல்லையைத் தடைசெய்யும் ஆணை 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. தண்டனை கிடையாது, ஆனால் ‘எங்கள் ஊழியரிடம் இப்படிப் பேசக்கூடாது’ என்று எழுதி ஒட்ட நிறுவனங்களுக்கு அது தைரியம் கொடுக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2019-ல் ஏற்கப்பட்டு 2021 ஜூனில் அமலுக்கு வந்தது. வேலையுலக வன்முறையைத் தடுக்கும்போது வெளியாட்கள் சம்பந்தப்பட்டதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

முகத்துக்கு நேரடியாகத் தொடர்பில்லாத ஒரு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் திருத்தின. கால் கடுக்க நிற்பவரிடம் கனிவை எதிர்பார்ப்பது வீண். நாற்காலி இருந்தும் ‘கஸ்டமர் வந்தால் பார்க்க நன்றாக இருக்காது’ என்று உட்கார விடாத கடைகளில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

கேள்வி: நான் வாடிக்கையாளர். நிஜமாகவே ஏமாற்றப்பட்டால் கவுண்டரில் இருப்பவரிடம்தானே கேட்க முடியும்?

கேளுங்கள். “இதை முடிவு பண்ற அதிகாரம் உங்களுக்கு இருக்கா, இல்ல வேற யார்கிட்ட பேசணும்?” என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். அதிகாரம் இல்லாதவரிடம் பத்து நிமிடம் கத்தினாலும் எதுவும் நகராது. புகார் எண்ணும் பதில் வரும் தேதியும் வாங்கிக்கொண்டு நகருங்கள். அதன்பின் மேலே எழுதும்போது குறையை நிறுவனத்தின் பேரில் எழுதுங்கள். கவுண்டரில் இருந்தவர் ஒழுங்காக உதவியிருந்தால் அதையும் ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் புகார் அவருடைய இன்சென்டிவில்தான் போய் இடிக்கும்.